இரண்டு 4கே மானிட்டர்களை டாக் வழியாக மடிக்கணினியுடன் இணைத்தல்: டெல்டாவில் இருந்து வேலை செய்வோருக்கான வழிகாட்டி

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வீட்டில் இருந்தபடியே சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள், ஆடிட்டர் அலுவலகம் நடத்துபவர்கள், திருமண ஆல்பம் வடிவமைப்பவர்கள் என்று யார் என்னிடம் பேசினாலும் முதலில் கேட்பது “எந்த டாக் வாங்கலாம்?” என்பதைத்தான். ஒரே கேபிள் வழியாகத் திரைகளையும் விசைப்பலகையையும் சார்ஜையும் மடிக்கணினியுடன் சேர்க்கும் இணைப்புப் பெட்டிதான் டாக். அந்தக் கேள்விக்கு விடை கடைசியில்தான் கிடைக்கும். மடிக்கணினியின் போர்ட் என்ன வகை, எத்தனை திரை வேண்டும், அவற்றுக்கு எவ்வளவு தரவு ஓட வேண்டும் என்பவை தெரிந்த பிறகே டாக்கின் பெயரைப் பேச வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதற்கும் மேசைமேல் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால், எந்த வரிசையில் செய்தால் பணம் வீணாகாதோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. டாக் உண்மையிலேயே தேவையா?

உங்கள் மடிக்கணினியில் ஓர் எச்டிஎம்ஐ போர்ட்டும், படம் அனுப்பக்கூடிய ஒரு யூஎஸ்பி-சி போர்ட்டும் இருந்தால், இரண்டு மானிட்டர்களையும் நேராகவே இணைத்துவிடலாம். யூஎஸ்பி-சியிலிருந்து, எச்டிஎம்ஐபோலவே மானிட்டருக்குப் படம் கொண்டுவரும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குச் செல்லும் ஒரு கேபிள் போதும். அதன் விலை ஏறத்தாழ ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை. மடிக்கணினியை மேசையிலிருந்து எடுக்கவே எடுக்காதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரே கேபிளைச் செருகியவுடன் திரைகள், விசைப்பலகை, லேன், சார்ஜ் எல்லாம் வர வேண்டும், மாலையில் அந்த ஒன்றைக் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கே டாக் பயன்படும். எச்டிஎம்ஐ போர்ட்டின் பதிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே திரையில் வினாடிக்கு 30 முறைதான் (30 ஹெர்ட்ஸ்) படம் புதுப்பிக்கப்படும். 60 வேண்டுமானால் 2.0 தேவை.

2. யூஎஸ்பி-சி போர்ட்டின் வகையைக் கண்டறிதல்

யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கான பெயர் மட்டுமே. அந்தத் துளைக்குள் சார்ஜும் கோப்புப் பரிமாற்றமும் மட்டும் இருக்கலாம். டிஸ்ப்ளேபோர்ட் படமும் சேர்ந்து வரலாம். படத்தையும் கோப்புகளையும் மிக வேகமாகக் கடத்தும் தண்டர்போல்ட் 3, தண்டர்போல்ட் 4 அல்லது யூஎஸ்பி4 ஆகவும் இருக்கலாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

போர்ட்டின் அருகில் உள்ள குறியைப் பாருங்கள். டி, பி எழுத்துகள் பின்னிய குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் படம் வரும். மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட். இங்கே ஒரு பொறி உண்டு: பழைய செவ்வக யூஎஸ்பி போர்ட்டின் அருகிலும் சில மடிக்கணினிகளில் மின்னல் குறி இருக்கும்; கணினி அணைந்திருக்கும்போதும் கைப்பேசியை அதில் சார்ஜ் செய்யலாம் என்பதே அதன் பொருள், அதற்கும் தண்டர்போல்ட்டுக்கும் தொடர்பில்லை. எந்தக் குறியும் இல்லாவிட்டால் இல்லை என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். மடிக்கணினியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். அதைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்து விவரக்குறிப்புப் பக்கத்தைப் படியுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் மடிக்கணினிகளுக்குள்ளேயே போர்ட் மாறுபடுவதால், பெயரை மட்டும் வைத்துத் தேடுவது பலிக்காது. அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பேசும்போது அதுவே உங்கள் கையில் உள்ள முதல் ஆவணம்.

ஆப்பிள் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் சிப்பின் பெயரைப் பார்க்க வேண்டும். சாதாரண எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக்குகள் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும். எம்3 மேக்புக் ஏர், மூடியை மூடி வைத்தால் இரண்டை ஏற்கும். எம்4 முதல் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு வரும். புரோ, மேக்ஸ் சிப்களில் இரண்டு முதல் நான்கு வரை போகலாம். இது சிப்பிலேயே உள்ள வரம்பு என்பதால், எவ்வளவு விலை உயர்ந்த தண்டர்போல்ட் டாக் வாங்கினாலும் மாறாது.

3. தரவுக் கணக்கு

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிச் செல்கிறார்கள். பணம் வீணாவதும் இங்கேதான். சற்று நிதானமாகப் படியுங்கள்.

சாதாரண நிறத்தில், வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் ஒரு 4கே திரைக்கு, அதாவது 3840 × 2160 புள்ளிகளுக்கு, வினாடிக்கு ஏறத்தாழ 12.5 ஜிகாபிட் தரவு வேண்டும். 2560 × 1440 புள்ளிகள் கொண்ட திரைக்கு அதில் பாதிக்கும் குறைவாக, 6 ஜிகாபிட்டுக்குள் போதும். முழு எச்டி திரைக்கு 3 ஜிகாபிட்டைச் சற்றே தாண்டும்.

அடுத்து, போர்ட் எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்க வேண்டும். யூஎஸ்பி-சிக்குள் அதிவேகத் தரவுக்கு நான்கு தடங்கள் உண்டு. நான்கையும் படத்துக்கே கொடுத்தால், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் 17.28 ஜிகாபிட்டும், 1.4 வேகத்தில் 25.92 ஜிகாபிட்டும் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். ஆனால் டாக்கில் வேகமான யூஎஸ்பி 3 போர்ட்டுகளும் இயங்க வேண்டும் என்றால், இரண்டு தடங்கள் அதற்குப் போய்விடும். படத்துக்கு மிஞ்சுவது பாதி. 1.2 வேகத்தில் அந்தப் பாதி 8.64 ஜிகாபிட், ஒரு 4கே திரைக்குக்கூட 60 ஹெர்ட்ஸ் வராது. 1.4 வேகத்தில் 12.96, ஒரு 4கே திரை மட்டும் ஓடும், இரண்டாவதற்கு இடமில்லை. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும், வழியில் உள்ள தலைப்புகளில் பிரிந்தது போக மிஞ்சியதே கடைமடைக்கு என்பது டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டாத கணக்கு, இதுவும் அதுதான்.

இதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. ஒன்று, டிஎஸ்சி எனப்படும் படச்சுருக்கம். மடிக்கணினியின் கிராபிக்ஸும் டாக்கும் இரண்டுமே இதை ஆதரித்தால், இரண்டு தடங்களிலேயே இரண்டு 4கே திரைகளை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட முடியும்; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மற்றொன்று தண்டர்போல்ட். தண்டர்போல்ட் 3, 4 ஆகியவற்றின் மொத்த வேகம் வினாடிக்கு 40 ஜிகாபிட். தண்டர்போல்ட் 4 சான்று பெற்ற கணினி, இரண்டு 4கே திரைகளை 60 ஹெர்ட்ஸில் இயக்கியே ஆக வேண்டும் என்பது விதி. தண்டர்போல்ட் 3-இல் அந்தக் கட்டாயம் இல்லாததால், மாடல் எண்ணை வைத்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

கிராபிக்ஸ் சிப்புக்கும் ஓர் எண்ணிக்கை வரம்பு உண்டு. இன்டெலின் 10-ஆம் தலைமுறை வரையிலான உள்ளமை கிராபிக்ஸ் மொத்தம் மூன்று திரைகளையே ஏற்கும். 11-ஆம் தலைமுறையின் ஐரிஸ் எக்ஸ்இ முதல் நான்கு. மடிக்கணினியின் சொந்தத் திரையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

4. டாக் வகையைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை விலையுள்ள யூஎஸ்பி-சி ஹப். அதன் மேல் “4கே” என்று பெரிதாக இருக்கும். “30 ஹெர்ட்ஸ்” என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 30 ஹெர்ட்ஸில் சுட்டி விட்டுவிட்டு நகரும், பக்கத்தை உருட்டும்போது எழுத்து இழுபடும். எட்டு மணி நேரம் அதைப் பார்த்து வேலை செய்ய இயலாது. அவசரத்துக்கு ஒரு திரையை இணைக்கலாமே தவிர, இது டாக்குக்கு மாற்றாகாது.

விண்டோஸ் மடிக்கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் வரும் யூஎஸ்பி-சி இருந்தால், எம்எஸ்டி வகை டாக் போதுமானது. ஒரே இணைப்பை உள்ளேயே பிரித்துப் பல திரைகளுக்கு அனுப்பும் முறை இது. ஏறத்தாழ ரூ.10,000 முதல் ரூ.20,000 வரை ஆகும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4, டிஎஸ்சி இரண்டும் விவரக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆப்பிள் கணினிக்கு இதை வாங்கவே வேண்டாம்: மேக்ஓஎஸ் எம்எஸ்டி வழியாகத் தனித்தனித் திரைகளைத் தராது, இரண்டு மானிட்டர்களிலும் ஒரே படமே தெரியும். கடைக்காரர் தன் விண்டோஸ் கணினியில் ஓட்டிக் காட்டியது உங்கள் மேக்கில் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

தண்டர்போல்ட் 4 டாக்குகள் ஏறத்தாழ ரூ.20,000 முதல் ரூ.40,000 வரை. மடிக்கணினியில் தண்டர்போல்ட் இருந்து, இரண்டு 4கே திரைகளுடன் வெளி எஸ்எஸ்டியும் ஓட வேண்டும் என்றால் இந்தச் செலவு நியாயமானதே. ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். மடிக்கணினியில் தண்டர்போல்ட் இல்லாவிட்டால் இதை வாங்குவதில் பொருளில்லை.

டிஸ்ப்ளேலிங்க் வகை முற்றிலும் வேறானது. படத்தை மென்பொருள் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்ப, டாக்கில் உள்ள சிப் அதை விரிக்கிறது. அதனால் டிஸ்ப்ளேபோர்ட் வராத போர்ட்டிலும், பழைய செவ்வக யூஎஸ்பி 3-இலும், ஒரு திரை வரம்புள்ள எம்1, எம்2 மேக்புக்கிலும் இது வேலை செய்யும். விலை ஏறத்தாழ ரூ.12,000 முதல் ரூ.30,000 வரை. குறைகளும் உண்டு: செயலியின் ஒரு பங்கு இதற்கே செலவாகும், காணொளி சற்றுத் தடுமாறலாம், உரிமைப் பாதுகாப்புள்ள படங்கள் கருந்திரையாகத் தெரியலாம், மேக்கில் திரைப்பதிவு அனுமதியைக் கொடுத்தால்தான் இயங்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் எக்செல், டேலி, வரித்தளம் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். நிறம் பார்த்துச் செய்யும் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறுவனம் கொடுத்த மடிக்கணினி என்றால், டிஸ்ப்ளேலிங்க்குக்கான டிரைவர் மென்பொருளை நிறுவ உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே நிறுவனத்தின் ஐடி பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் “பண்ணிக்கலாம் சார்” என்று சொல்வதை நம்பி வாங்கிவிட்டு, பிறகு அட்மின் கடவுச்சொல்லுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

5. கேபிள்கள்

கைப்பேசியுடன் வரும் யூஎஸ்பி-சி கேபிளில் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 இணைப்புகள் மட்டுமே இருக்கும்; அதில் படம் போகாது. டாக்குடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அது குட்டையாக இருக்கிறது என்று நீளமான மலிவுக் கேபிளை மாற்றும்போதுதான் திரை அணைந்து அணைந்து எரியத் தொடங்கும். டாக்கை மடிக்கணினியின் பக்கத்தில் வைத்து, டாக்கிலிருந்து மானிட்டருக்குச் செல்லும் கேபிளை நீளமாக வைத்துக்கொள்வதே சரியான முறை. தனியாகத் தண்டர்போல்ட் கேபிள் வாங்க நேர்ந்தால், முனையில் மின்னல் குறியும் 4 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குச் செல்லும் கேபிள் ஒருவழிப் பாதை. டாக் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐயும் இருந்தால்தான் அது வேலை செய்யும். திருப்பிப் போட்டால் திரையில் எதுவும் வராது. மானிட்டர் பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் இருப்பதும் உண்டு என்பதால், டாக்கில் எந்த வகைத் துளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, கேபிள்களையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். உள்ளூரில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் தேடி அலைவதைவிட அது எளிது.

6. சார்ஜுக்கான வாட் கணக்கு

மடிக்கணினியின் அசல் அடாப்டரில் எத்தனை வாட் என்று பாருங்கள். 65 என்றால், டாக் மடிக்கணினிக்குக் குறைந்தது 65 வாட் கொடுக்க வேண்டும். “100 வாட்” என்று எழுதிய ஹப்கள் பலவும் உங்கள் சார்ஜரிடமிருந்து 100 வாங்கி, தமக்கென 10 முதல் 15 வரை எடுத்துக்கொண்டு மிச்சத்தையே கொடுக்கும். 180 வாட், 230 வாட் அடாப்டருடன் வரும் கேமிங் மடிக்கணினிக்கு இந்த வகை டாக்குகள் போதுமான மின்சாரம் தராது. அசல் அடாப்டரையும் செருகி வைத்துக்கொள்ள வேண்டும்.

7. வாங்குதலும் ஆவணங்களும்

கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் கடைகளில் நல்ல டாக் கையிருப்பில் இருப்பது அரிது. திருச்சியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ இருந்து வரவழைத்துத் தருவார்கள். கடையில் வாங்கினால் மடிக்கணினியைக் கையோடு எடுத்துச் சென்று, 4கே மானிட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால், உங்கள் பின்கோடுக்கு அந்தப் பொருள் வருமா என்பதை முதலில் பாருங்கள். உள்கிராமங்களில் பலர் பக்கத்து ஊர் முகவரிக்கு வரவழைக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான், அதுவும் சில பொருட்களுக்கு மாற்றித் தருவது மட்டுமே. மானிட்டர் ஒரு வாரம் கழித்து வரும் என்றால், டாக்கை அதற்கு முன்பே வாங்கிப் பெட்டியோடு வைக்காதீர்கள். சோதிப்பதற்குள் காலம் முடிந்துவிடும். மானிட்டர் முதலில், டாக் பிறகு. பெட்டி பிரிப்பதைக் கைப்பேசியில் ஒரே தொடர்ச்சியாகப் படம் எடுங்கள்.

பில்லில் பொருளின் சீரியல் எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலாக இருந்தால், ஆர்டர் செய்யும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். பில் போட்ட பிறகு சேர்க்கச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது. டாக்குக்கு 18 சதவீத வரி. ரூ.23,600 பில்லில் ரூ.3,600 வரியாக இருக்கும். முறையான பில் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. நிறுவனத்திடம் செலவைத் திரும்பப் பெறுபவர்கள், பில் தங்கள் பெயரில்தான் வேண்டுமா, நிறுவனத்தின் பெயரில் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டாக் மலிவாகத் தோன்றலாம். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று கேட்ட பிறகு சம்மதியுங்கள்.

8. இணைத்தலும் சரிபார்த்தலும்

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஆடிட்டர் அலுவலகமாக இருந்தால் மாதத்தின் 20-ஆம் தேதி கடந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. கணக்குத் தாக்கலின் கடைசி நாளில் மேசையைக் கலைப்பது யாருக்கும் வேண்டாம்.

முதலில் மடிக்கணினியின் கிராபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். அடுத்து டாக்கை மின்சாரத்தில் இணைத்து, மானிட்டர்களை டாக்கில் செருகி, கடைசியாக டாக்கை மடிக்கணினியில் செருகுங்கள். டாக்கின் ஃபர்ம்வேருக்கு, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளுக்கு, புதிய பதிப்பு இருந்தால் இப்போதே போட்டுவிடலாம். ஆனால் அது ஓடும்போது மின்சாரம் போனால் டாக் பயனற்றுப் போகக்கூடும் என்பதால், இன்வெர்ட்டர் உள்ள இணைப்பில் வைத்தே செய்யுங்கள்.

விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி “எக்ஸ்டெண்ட்” தேர்ந்தெடுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்று ஒவ்வொரு மானிட்டருக்கும் 3840 × 2160, 60 ஹெர்ட்ஸ் என்று வருகிறதா பாருங்கள். அதே பக்கத்தில் நிற வடிவம் ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். ஒய்சிபிசிஆர் 4:2:0 என்று இருந்தால், தரவு போதாமல் நிறத் தகவல் குறைக்கப்பட்டிருக்கிறது. நிறமுள்ள எழுத்துகளின் விளிம்பு மங்கி, சிறிய தமிழ் எழுத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று தடுமாற வேண்டிவரும். திரை 30 ஹெர்ட்ஸில் நின்றுவிட்டால், டாக்கைக் குறை சொல்வதற்கு முன் மானிட்டரின் சொந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.1 என்று வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். 27 அங்குல 4கே திரையில் அளவை 150 சதவீதமாக வைத்தால் எழுத்து கண்ணுக்கு இதமாக இருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் முழுச் சுமையில் சோதியுங்கள். இரண்டு திரைகளும் ஓடும்போதே டாக்கில் செருகிய பென்டிரைவிலிருந்து பெரிய கோப்பை நகலெடுத்துக்கொண்டு, ஒரு காணொளி அழைப்பிலும் இருந்து பாருங்கள். கணினியை உறங்கவிட்டு எழுப்பும்போது இரண்டு திரைகளும் திரும்புகின்றனவா என்பதைப் பல முறை பாருங்கள். டாக்குகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூடியை மூடி வேலை செய்வதாக இருந்தால், சித்திரை, வைகாசி வெயிலில் மடிக்கணினி சூடாகும். காற்றோட்டம் இருக்கும்படி நிமிர்த்தி வைக்கும் தாங்கி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. இன்வெர்ட்டர், எர்த், இடி

மடிக்கணினி 65 வாட், இரண்டு மானிட்டர்கள் சுமார் 80, டாக் சுமார் 15 என்று வைத்தால் மொத்தம் 160 வாட் ஆகிறது. நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, வேறு எதுவும் ஓடாவிட்டால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாங்கும். மின்விசிறியும் விளக்கும் சேர்ந்தால் அதற்குத் தக்கபடி குறையும். பராமரிப்புக்கான மின்தடை பொதுவாகக் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை வரை நீள்வதால், அந்த நாட்களில் ஒரு மானிட்டரை அணைத்துவிட்டு வேலை செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

நேர அளவைவிட முக்கியமானது, மின்சாரம் போகும் கணம். மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் அது அசையாது. இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சிறு இடைவெளியில் டாக் மட்டும் அணைந்து எழும். இரண்டு திரைகளும் கருத்து, திறந்திருந்த சாளரங்கள் எல்லாம் மடிக்கணினியின் சிறு திரையில் வந்து குவியும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறது. அதை மாற்றினால் இடைவெளி மிகவும் குறையும். அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால், டாக்குக்கும் மானிட்டர்களுக்கும் மட்டும் ஒரு சிறிய கணினி யூபிஎஸ் வைத்துக்கொள்ளலாம். புதிதாக இன்வெர்ட்டர் வாங்குபவர்கள் சைன்வேவ் வகையையே வாங்குங்கள்.

பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தாலும், அதில் எர்த் வயர் இணைக்கப்படாமலே இருப்பது உண்டு. டாக்கின் உலோக உடலைத் தொடும்போது மெல்லிய சுரீர் உணர்வு வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்த பிறகே, பல ஆயிரம் ரூபாய்ப் பொருட்களை அந்த சாக்கெட்டில் செருகுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள், பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் உலோக முனைகள் பச்சை பூக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி நெருங்கினால் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மடிக்கணினியிலிருந்து டாக் கேபிளை முதலில் எடுத்துவிட்டு, டாக், மானிட்டர் பிளக்குகளை சாக்கெட்டிலிருந்தே பிடுங்கி வையுங்கள். டாக்கில் செருகியிருக்கும் லேன் வயரையும் அதே கையோடு கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், அது வந்து சேரும் மோடத்தின் அடாப்டர் வழியாக லேன் வயருக்கும், அங்கிருந்து டாக்குக்கும் மின்னலின் அதிர்ச்சி வர முடியும்.